கேட் எழுதி எம்பிஏ போகணுமா? மாக் டெஸ்டுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடுங்க

ஒவ்வொரு வருஷமும் கேட் ரிசல்ட் வந்த ராத்திரி எனக்கு யாராவது ஒருத்தர் போன் பண்ணிடுவாங்க, சொந்தக்காரப் பையனா இருக்கும் இல்லைன்னா பழைய ஆபீஸ் தங்கச்சி யாராவது. "அண்ணே 97 பெர்சன்டைல் வந்திருக்கு, எந்த ஐஐஎம் கிடைக்கும்?" நான் பதிலுக்கு பத்தாவதுல எவ்ளோ, பன்னெண்டாவதுல எவ்ளோ, டிகிரில எவ்ளோ, எத்தனை வருஷம் வேலை பார்த்திருக்க, ஓபிசி சர்ட்டிஃபிகேட் சென்ட்ரல் ஃபார்மட்ல இருக்கான்னு கேட்பேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே வராது. இதெல்லாம் மார்ச் மாசமே பார்த்திருக்க வேண்டியது, ரிசல்ட் வந்தப்புறம் பார்த்து ஒண்ணும் ஆகப்போறதில்ல.

நானும் முதல் தடவை இப்படித்தான் போய் நின்னேன். சென்னை ஓஎம்ஆர் ரோட்டுல ஒரு ஐடி கம்பெனில வேலை, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து படிச்சு 95 எடுத்தேன். பெரிய சாதனைன்னு நினைச்சு வீட்ல ஸ்வீட் எல்லாம் வாங்கிக் குடுத்துட்டு உக்காந்திருந்தேன், நான் ஆசைப்பட்ட இடத்துல இருந்து ஒரு இன்டர்வியூ கால் கூட வரல. இன்னும் ஒரு வருஷம் போட்டு ரெண்டாவது தடவைதான் விஷயம் புரிஞ்சு எழுதினேன். அந்த ஒரு வருஷத்தை நீங்க மிச்சம் பிடிக்கட்டும்னுதான் இதை எழுதறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் சொல்ற கேட் எம்டெக் போறவங்க எழுதற கேட் இல்ல, எம்பிஏவுக்காக ஐஐஎம்னு சொல்ற மத்திய அரசு மேனேஜ்மென்ட் காலேஜ்காரங்க நவம்பர்ல நடத்தற கேட். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாதான் வரும். 

97னா எத்தனை பேர் மேல இருக்காங்க?

2024 கேட்டுக்கு 3.29 லட்சம் பேர் ரிஜிஸ்டர் பண்ணாங்க, அதுல 2.93 லட்சம் பேர் எழுதினாங்க. பெர்சன்டைல்ங்கறது மார்க் இல்ல, வரிசைல நீங்க எங்க நிக்கிறீங்கங்கறது. 97னா உங்களுக்கு முன்னாடி கிட்டத்தட்ட 8,800 பேர் நிக்கிறாங்க, 99னாலும் 2,900 பேர். ஏபிசின்னு சொல்ற அகமதாபாத், பெங்களூர், கல்கத்தா ஐஐஎம் மூணுலயும் சேர்த்து ரெண்டு வருஷ கோர்ஸ்ல சுமார் 1,500 சீட். அதுல எஸ்சி 15, எஸ்டி 7.5, ஓபிசி 27, ஈடபிள்யூஎஸ்னு சொல்ற பொருளாதாரத்துல பின்தங்கினவங்களுக்கு 10 சதவீதம் போக பொதுப்பிரிவுக்கு 600 சீட் சொச்சம்தான் மிஞ்சும். பொதுப்பிரிவுல இருந்துட்டு 97 எடுத்து ஏபிசி கனவு காண்றது ஏன் சரி வராதுன்னு இப்ப புரியும். ஆனா 97ங்கறது மட்டமான ஸ்கோரும் இல்ல, அதை வச்சு நல்ல இடம் போகலாம். எந்த இடம்ங்கறது ப்ரொஃபைலைப் பொறுத்தது.

ஒவ்வொரு ஐஐஎம்மும் தன்னோட அட்மிஷன் பாலிசியை வெப்சைட்ல போடுது. யாருக்கு எதுக்கு எவ்ளோ வெயிட்டேஜ்னு அதுல எழுதியே இருக்கும், ஆனா பத்துல ஒருத்தராவது அதைத் திறந்து படிப்பாங்களான்னா சந்தேகம்தான். கேட் ஸ்கோரோட பத்தாவது மார்க், பன்னெண்டாவது மார்க், டிகிரி மார்க், வேலை அனுபவம், பொண்ணுங்களா இருந்தா ஜெண்டர் டைவர்சிட்டிக்கு கொஞ்சம், இன்ஜினியரிங் இல்லாம பிகாம், பிஏ, பிஎஸ்சி படிச்சிருந்தா சில இடத்துல அகாடமிக் டைவர்சிட்டிக்கு கொஞ்சம், இதையெல்லாம் கூட்டித்தான் இன்டர்வியூக்கு கூப்பிடுவாங்க. பெங்களூர் மாதிரி இடங்கள்ல ஸ்கூல் மார்க்குக்கு நல்ல வெயிட்டேஜ், சில புது ஐஐஎம்கள்ல கேட் ஸ்கோர்தான் பெருசு. அதனால பத்தாவதுல 70 சதவீதம் வாங்கின ஆள் பெங்களூரையே பார்த்துட்டு உக்காந்திருக்கறதுல அர்த்தம் இல்ல, அதே ஸ்கோருக்கு வேற இடத்துல கதவு திறந்திருக்கும்.

அந்த பாலிசில "மினிமம் கட்-ஆஃப்" 80, 85ன்னு போட்டிருப்பாங்க, அதைப் பார்த்து ஏமாறாதீங்க. அதுக்குக் கீழ இருந்தா உங்க பேரையே பார்க்க மாட்டாங்கன்னு மட்டும்தான் அர்த்தம், மேல இருந்தா கூப்பிடுவாங்கன்னு இல்ல. பெரிய ஐஐஎம்கள்ல பொதுப்பிரிவு பையன், அதுவும் இன்ஜினியர்னா, நிஜமா கால் வர்றது 99க்கு மேலதான். செக்‌ஷன் வாரியா தனி கட்-ஆஃபும் உண்டு, மொத்தத்துல 99 இருந்து ஒரு செக்‌ஷன்ல சறுக்கிட்டா அவ்ளோதான், எங்க பேட்ச்லயே ஒருத்தனுக்கு முந்தின வருஷம் இங்கிலீஷ் செக்‌ஷனால மொத்தமா போச்சு.

ஒரு பேப்பர் எடுத்து உங்க மூணு மார்க்கையும் எழுதுங்க, எத்தனை மாசம் வேலை பார்த்திருக்கீங்கன்னு எழுதுங்க, எட்டு பத்து காலேஜோட பாலிசியைத் திறந்து உங்களுக்கு எவ்ளோ பாயிண்ட் வருதுன்னு போட்டுப் பாருங்க. ஒரு ஞாயித்துக்கிழமை போதும். ஸ்கூல் மார்க்கை இனி மாத்த முடியாது, டிகிரி இன்னும் முடியலைன்னா அதை ஏத்தலாம், அரியர் இருந்தா முதல்ல அதை முடிங்க. வேலை அனுபவம் ரெண்டு மூணு வருஷம் வரைக்கும்தான் பாயிண்ட் ஏறும், அதுக்கு மேல பல இடத்துல ஏறாது, சில இடத்துல இறங்கவே செய்யும். "இன்னும் ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் சேர்த்துட்டு எழுதறேன்"னு தள்ளிப் போடறவங்க இதை கவனிங்க.

அந்த ஒரு சர்ட்டிஃபிகேட்

இது நம்ம ஊர்ப் பசங்க திரும்பத் திரும்ப மாட்டற இடம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். நம்மகிட்ட ஸ்கூல்ல இருந்தே ஒரு கம்யூனிட்டி சர்ட்டிஃபிகேட் இருக்கும், பிசி, எம்பிசின்னு போட்டது. அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்குக்கு எல்லாம் அதுதான் குடுத்தோம், அதனால அதே போதும்னு நினைச்சுக்கறோம். ஐஐஎம்னா அது மத்திய அரசு. அங்க பிசி, எம்பிசின்னு ஒண்ணு கிடையாது, ஓபிசி நான் கிரீமி லேயர்தான், அதாவது ஓபிசில வருமான வரம்பைத் தாண்டாத குடும்பம், அதுக்கு சென்ட்ரல் ஃபார்மட்ல தனி சர்ட்டிஃபிகேட் வேணும். ஸ்டேட் லிஸ்ட்ல இருக்கற ஜாதி எல்லாம் சென்ட்ரல் லிஸ்ட்ல இருக்கணும்னு அவசியமும் இல்ல, பேரோட எழுத்துல கூட வித்தியாசம் வரும், முதல்ல சென்ட்ரல் லிஸ்ட்ல உங்க ஜாதி எப்படிப் போட்டிருக்குன்னு பாருங்க.

அப்புறம் இது வருஷா வருஷம் மாறற சமாச்சாரம். வருமான விஷயம் இதுல இருக்கறதால நடப்பு நிதியாண்டுல வாங்கினதைக் கேட்பாங்க, மூணு வருஷம் முன்னாடி வாங்கினதை நீட்டினா ஒத்துக்க மாட்டாங்க. அந்த 8 லட்ச வருமான வரம்பைக் கணக்குப் போடும்போது அப்பா அம்மாவோட சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் எப்படி எடுத்துக்கறதுன்னு தனி விதி இருக்கு, வெறும் சம்பள ஸ்லிப்பைப் பார்த்துட்டு "நமக்கு வராது"ன்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க, தாசில்தார் ஆபீஸ்ல கேளுங்க. இ-சேவை மையத்துல அப்ளை பண்ணி விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு போய் வர நாளாகும், ஏதாவது ஒரு பேப்பர் சரியில்லைன்னு திருப்பி வேற அனுப்புவாங்க. கேட் ஃபார்ம் ஆகஸ்ட்ல திறந்து செப்டம்பர்ல மூடிடும், அதனால ஏப்ரல் பொறந்ததும் இந்த வேலையை ஆரம்பிச்சிடுங்க. பெங்களூர்ல, ஹைதராபாத்ல வேலை பார்க்கறவங்க ஊருக்குப் பொங்கலுக்கு வரும்போதே தேவையான பேப்பரை எல்லாம் அப்பாகிட்ட சொல்லி எடுத்து வச்சுட்டா அலைச்சல் மிச்சம்.

ஈடபிள்யூஎஸும் அதே மாதிரிதான், சென்ட்ரல் லிஸ்ட்ல எந்த இடஒதுக்கீட்டுலயும் வராதவங்களுக்கு.

பரீட்சை

பரீட்சை 2 மணி நேரம், மூணு செக்‌ஷன், ஒவ்வொண்ணுக்கும் 40 நிமிஷம். ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்தது, நடுவுல தாவ முடியாது. இங்கிலீஷ், அப்புறம் டிஐஎல்ஆர்னு சொல்ற டேட்டா, லாஜிக், கடைசில கணக்கு. 2024ல 24, 22, 22ன்னு மொத்தம் 68 கேள்வி, சரின்னா 3 மார்க், தப்புன்னா 1 மார்க் போகும், பதிலை நாமளே டைப் பண்ற கேள்விக்கு மைனஸ் கிடையாது. மொத்தம் 204 மார்க், அதுல பாதி எடுக்காமயே 99 பெர்சன்டைல் வந்திருக்கு. இதை நல்லா மனசுல வாங்கிக்கங்க. நாம போர்டு எக்ஸாம் எழுதி வளர்ந்தவங்க, ஒரு கேள்வியை விட்டா கை நடுங்கும், நூத்துக்கு நூறு வாங்கலைன்னா அழுவோம். இது விடத் தெரிஞ்சவனுக்கான பரீட்சை. எனக்கு முதல் வருஷம் பிரச்சனையே இதுதான், ஒரு டிஐஎல்ஆர் செட்டைப் பிடிச்சுட்டு 22 நிமிஷம் மல்லுக்கட்டினேன், அது வரவே இல்ல, அடுத்த செட்டு தண்ணி மாதிரி இருந்துச்சுன்னு வெளிய வந்து கேள்விப்பட்டேன்.

டிஐஎல்ஆர்ல முதல் அஞ்சு நிமிஷம் பேனாவையே எடுக்காதீங்க. எல்லா செட்டையும் ஒரு ஓட்டம் படிங்க, எது வரும்னு தோணுதோ அதை மட்டும் எடுங்க. ரெண்டு செட்டை சுத்தமா முடிச்சு மூணாவதுல பாதி போட்டாலே நல்ல இடத்துல நிப்பீங்க. இந்த தேர்ந்தெடுக்கற கண்ணு பழைய கேள்வித்தாள் போட்டுப் போட்டுத்தான் வரும். பழைய கேட் பேப்பர் எல்லாம் நெட்ல சும்மா கிடைக்குது, கோச்சிங் மெட்டீரியலை விட அதுதான் தங்கம்.

கணக்குல அரித்மெடிக் பிடிச்சுக்கங்க, சதவீதம், லாப நஷ்டம், விகிதம், நேரம் வேலை, வேகம் தூரம். அதோட அல்ஜீப்ரா. இது ரெண்டும் பலமா இருந்தா பாதிக் கிணறு தாண்டியாச்சு. ஜியோமெட்ரி ஓரளவு, பெர்முடேஷன் காம்பினேஷன் பிடிக்கலைன்னா விட்டுடுங்க, குடி முழுகிடாது. நம்ம ஸ்டேட் போர்டு பசங்க கணக்குல சோடை போக மாட்டாங்க, பத்து நாள்ல தூசி தட்டிடலாம்.

பயமுறுத்தறது இங்கிலீஷ்தான். தமிழ் மீடியத்துல படிச்சவங்க, ஏன் இங்கிலீஷ் மீடியம்னு பேருக்குப் படிச்சவங்களும்தான், இதைப் பார்த்து பயந்தே ஒதுங்கிடறாங்க. இதுல கிராமர் கேக்கறதில்ல, கஷ்டமான வார்த்தைக்கு அர்த்தம் கேக்கறதில்ல. பெரும்பாலும் நாலு பத்தி, ஒவ்வொண்ணுக்கும் நாலு கேள்வி, மிச்சம் பாராவை வரிசைப்படுத்தறது, சுருக்கறது மாதிரி. நம்மை மடக்கறது மொழி இல்ல, விஷயம். தத்துவம், மானிடவியல், பொருளாதாரம், கலை வரலாறுன்னு நாம வாழ்க்கைல தொடாத சப்ஜெக்ட்ல எழுதியிருப்பான், ரெண்டாவது வரிலயே கண்ணு சொருகும். அதுக்கு ஒரே வழி தினம் ஒரு நீளமான கட்டுரை, உங்களுக்குப் பிடிக்காத சப்ஜெக்டா பார்த்துப் படிக்கறது. ஏயான்னு ஒரு இணைய இதழ் இருக்கு, இலவசம்தான், அந்தக் கட்டுரைகள் ஏறக்குறைய இதே பதம். ஹிந்து தலையங்கம் மட்டும் படிச்சா போதும்னு ஒரு கூட்டம் சொல்லும், எனக்கு அது பத்தல. படிச்சு முடிச்சதும் இந்த ஆள் என்னதான் சொல்ல வர்றான்னு தமிழ்லயே ரெண்டு வரி எழுதிப் பாருங்க. எழுத வரலைன்னா புரியலைன்னு அர்த்தம், மறுபடி படிங்க. நான் ஆறு மாசம் இதைப் பண்ணேன், 82ல இருந்த செக்‌ஷன் 96க்கு வந்துச்சு, வேற எந்த ட்ரிக்கும் இல்ல.

வேலைல இருக்கறவங்களுக்கு எட்டு ஒன்பது மாசம் வேணும், தினம் ரெண்டு மணி நேரம், சனி ஞாயிறு கொஞ்சம் கூட. மாக் டெஸ்ட் ஒரு 25 எழுதினா போதும், ஆனா ஒவ்வொரு மாக்குக்கும் 2 மணி நேரம் எழுதினா 4 மணி நேரம் உக்காந்து எங்க விட்டோம், எதை எடுத்திருக்கவே கூடாதுன்னு பிரிச்சுப் பார்க்கணும். அம்பது மாக் எழுதி ஒண்ணையும் திரும்பிப் பார்க்காத ஆட்கள் நிறைய பேரைத் தெரியும், ஸ்கோர் அம்மிக்கல் மாதிரி அதே இடத்துலதான் இருக்கும். கோச்சிங் வேணுமான்னு கேட்டா, தானா உக்காந்து படிக்கற ஆளுக்கு டெஸ்ட் சீரீஸ் மட்டும் வாங்கினா போதும், ஆள் துரத்தினாதான் படிப்பேன்னா காசு கட்டி சேருங்க, ரெண்டும் தப்பில்ல.

கேட் மட்டும் இல்ல

ஒரே நாள், ஒரே பரீட்சை, அன்னிக்கு காய்ச்சல் வந்தா வருஷம் போச்சு. அதனால எக்ஸ்ஏடின்னு இன்னொரு எம்பிஏ நுழைவுத் தேர்வு இருக்கு, அதையும் சேர்த்து எழுதுங்க, ஜனவரி முதல் வாரத்துல வரும். ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐக்கு அதுதான் வழி, சென்னை லயோலாவோட லிபாவும் அந்த ஸ்கோரை எடுத்துக்குது. அதுல டிசிஷன் மேக்கிங்னு ஒரு செக்‌ஷன், ஒரு மேனேஜருக்கு வர்ற சிக்கலைக் குடுத்து என்ன பண்ணுவன்னு கேட்பான், கணக்கு கம்மியா வர்றவங்களுக்கு அது கை குடுக்கும். எக்ஸ்ஏடிக்கு கேட் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணியாகணும். டெல்லி எஃப்எம்எஸ், மும்பை எஸ்பி ஜெயின், ஐஐடி மெட்ராஸ் டிஓஎம்எஸ், திருச்சி என்ஐடி இதெல்லாம் கேட் ஸ்கோரை எடுத்துக்கும், ஆனா தனித்தனி ஃபார்ம் போடணும், கேட் ஃபார்ம்ல டிக் அடிச்சா தானா போயிடும்னு நினைச்சு கோட்டை விட்டவங்க வருஷா வருஷம் இருக்காங்க. சிம்பயாசிஸுக்கு ஸ்னாப், மும்பை என்எம்ஐஎம்எஸுக்கு என்மேட்னு வேற பரீட்சைகள். எல்லாத்துக்கும் ஃபீஸ் கட்டினா 20,000 ரூபாய் ஓடிடும், லிஸ்ட் போட்டு பொறுக்குங்க.

தமிழ்நாட்டு எம்பிஏ நுழைவுத் தேர்வான டான்செட்டை யாரும் மதிக்கறதில்ல, அது சரியில்ல. அண்ணா யுனிவர்சிட்டி, கோயம்புத்தூர் பிஎஸ்ஜி மாதிரி இடத்துல கவுன்சிலிங் சீட் கிடைச்சா ஃபீஸ் ரொம்பக் கம்மி, திருப்பூர், கோவைல குடும்பத் தொழில் இருக்கறவங்களுக்கோ இங்கயே வேலைக்குப் போகணும்னு இருக்கறவங்களுக்கோ 20 லட்சம் கடன் வாங்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

அஞ்சாறு வருஷத்துக்கு மேல வேலை பார்த்துட்டீங்கன்னா ரெண்டு வருஷ கோர்ஸை விட்டுட்டு ஒரு வருஷ கோர்ஸைப் பாருங்க, ஹைதராபாத் ஐஎஸ்பி, அகமதாபாத் பிஜிபிஎக்ஸ், பெங்களூர் ஈபிஜிபி. 30 வயசுல 22 வயசுப் பசங்களோட ப்ளேஸ்மென்டுக்கு நின்னா ரெண்டு பக்கமும் சங்கடம்.

இன்டர்வியூ

ஜனவரி கடைசில இருந்து ஏப்ரல் வரைக்கும் இது ஓடும். பெரும்பாலான இடத்துல ஒரு சின்ன கட்டுரை எழுதச் சொல்வாங்க, அப்புறம் ரெண்டு மூணு பேர் உக்காந்து 15, 20 நிமிஷம் கேள்வி. புது ஐஐஎம்கள் பல சேர்ந்து ஒரே இன்டர்வியூவா நடத்தும், கேப்னு பேரு, எந்தெந்த ஐஐஎம் சேருதுங்கறது வருஷத்துக்கு வருஷம் மாறும்.

இங்கிலீஷ்ல சரளமா பேசலைன்னா ரிஜெக்ட்னு ஒரு பயம் நம்ம பசங்களுக்கு எப்பவும் உண்டு. திக்கித் திக்கிப் பேசினாலும் சொல்ற விஷயத்துல சரக்கு இருந்தா கேட்பாங்க, நான் பார்த்த வரைக்கும் மூஞ்சில அடிச்ச மாதிரி ரிஜெக்ட் ஆனவங்க எல்லாம் யூட்யூப்ல இருந்து மனப்பாடம் பண்ணிட்டு வந்தவங்கதான். ஊர் எதுன்னு கண்டிப்பா கேட்பாங்க. நாமக்கல்னு சொன்னா முட்டை விலையை யார் நிர்ணயிக்கறா, லாரி பாடி கட்டற தொழில் எப்படி அங்க வந்துச்சு. திருப்பூர்னா பனியன் ஏற்றுமதில பங்களாதேஷ் ஏன் நம்மை முந்துச்சு, சாயப்பட்டறை கழிவு என்னாச்சு. சிவகாசின்னா பட்டாசுல பேரியம் தடை. ஆம்பூர்னா தோல். உங்க ஊர்த் தொழிலைப் பத்தி அரை மணி நேரம் பேசற அளவுக்குத் தெரிஞ்சு வச்சுக்கங்க, உங்க சித்தப்பாவோ மாமாவோ அந்தத் தொழில்ல இருப்பாங்க, போய் உக்காந்து பேசுங்க, நெட்ல கிடைக்காத விஷயம் அங்க கிடைக்கும். எனக்கு இன்டர்வியூல பாதி நேரம் கரூர் பெட்ஷீட்லயே போச்சு, தறி, ஆர்டர், டாலர் ரேட்டுன்னு எங்க பெரியப்பா புலம்பறதை எல்லாம் கேட்டிருந்ததால தப்பிச்சேன்.

அப்புறம் டிகிரில படிச்ச சப்ஜெக்ட். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு அடிப்படை ஒண்ணு கேட்டா முழிக்கறது ரொம்ப அசிங்கம், ரெண்டு சப்ஜெக்டையாவது எடுத்து ஒழுங்காத் திருப்பிப் பாருங்க. வேலைல சப்போர்ட் ப்ராஜெக்டா இருந்தா சப்போர்ட்னே சொல்லுங்க, ஆனா அந்த க்ளையண்ட் எப்படிக் காசு சம்பாதிக்கறான், உங்க டிக்கெட் லேட்டானா அவனுக்கு என்ன நஷ்டம்ங்கறது தெரிஞ்சிருக்கணும். "ஏன் எம்பிஏ"ங்கறதுக்கு "லீடர்ஷிப் ஸ்கில்" மட்டும் சொல்லாதீங்க, அவங்க அதை அன்னிக்குக் காலைலயே பத்து தடவை கேட்டிருப்பாங்க.

எந்த காலேஜ்

நாலு இடத்துல கன்வெர்ட் ஆச்சு, அதாவது இன்டர்வியூ தாண்டி சீட் கிடைச்சுதுன்னு வச்சுக்கங்க. இங்கதான் குடும்பத்துல எல்லாருக்கும் கருத்து வரும். ஐஐஎம்னு பேர் இருந்தா போதும், எது வேணா எடுன்னு சொல்வாங்க. ஐஐஎம் எல்லாம் ஒண்ணு இல்ல. கல்கத்தா, அகமதாபாத் 1961, பெங்களூர் 1973, லக்னோ 1984, கோழிக்கோடும் இந்தூரும் 1996. நம்ம திருச்சி 2011ல வந்தது, புதுக்கோட்டை ரோட்டுல கேம்பஸ். 2015ல ஒரே நேரத்துல ஆறு வந்துச்சு. பழசுக்கு எந்தக் கம்பெனிக்குள்ள போனாலும் சீனியர் ஒருத்தர் மேல உக்காந்திருப்பார், ப்ளேஸ்மென்ட்ல அதுதான் பேசும். எக்ஸ்எல்ஆர்ஐ ஹெச்ஆர் கோர்ஸ், எஃப்எம்எஸ் டெல்லி எல்லாம் ஐஐஎம் பேர் இல்லாமயே பல ஐஐஎம்களை விட மேல. எஃப்எம்எஸ் ஃபீஸ் ரெண்டு மூணு லட்சத்துக்குள்ள முடியற ஒண்ணு, கிடைச்சா யோசிக்கவே யோசிக்காதீங்க. சப்ளை செயின், ஆப்பரேஷன்ஸ்னா மும்பை ஐஐஎம், அது 1963ல இருந்து நிட்டின்னு இருந்தது, 2023லதான் பேர் மாத்தினாங்க, பேரைப் பார்த்துட்டு புது காலேஜ்னு நினைச்சுடாதீங்க. ஏற்றுமதி இறக்குமதின்னா ஐஐஎஃப்டி. விளம்பரம், மார்க்கெட்டிங்னா அகமதாபாத் மைக்கா. கூட்டுறவு, கிராமப்புறம்னா ஆனந்த் இர்மா.

என்ன வேலைக்குப் போகணும்னு தெரியாமத்தான் பாதிப் பேர் எம்பிஏவே போறோம், நானும் அப்படித்தான் போனேன், அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. ஆனா என்ன வேண்டாம்னாவது தெரிஞ்சு வச்சுக்கங்க. ஊர் ஊரா சுத்தற சேல்ஸ் வேண்டாம்னா, பேட்ச்ல பாதிப் பேர் சேல்ஸுக்குப் போற காலேஜ் உங்களுக்கு எதுக்கு?

ப்ளேஸ்மென்ட் ரிப்போர்ட்ல ஹையஸ்ட் பேக்கேஜைப் பார்க்கவே பார்க்காதீங்க, அது ஒரு ஆளோடது, போஸ்டர் அடிக்க மட்டும்தான் ஆகும். சராசரியும் அந்த நாலஞ்சு பெரிய பேக்கேஜால ஊதிப் போயிருக்கும். மீடியனைப் பாருங்க, அதாவது பேட்சை வரிசைல நிக்க வச்சா நடு ஆளுக்கு எவ்ளோ. அதுக்குக் கீழ பாதிப் பேர் இருக்காங்கன்னும் ஞாபகம் வச்சுக்கங்க. சிடிசின்னு கம்பெனி சொல்ற வருஷ மொத்தத்துல எவ்ளோ நிஜமா மாசாமாசம் கைக்கு வரும், எவ்ளோ மூணு வருஷம் இருந்தாதான் வரும் போனஸ்னு பிரிச்சுக் கேளுங்க. 300 பேர் பேட்ச்ல எத்தனை பேர் ப்ளேஸ்மென்ட்ல உக்காந்தாங்கன்னு கேளுங்க, கிடைக்காதவங்களை "தாங்களே விலகிக்கிட்டாங்க"ன்னு கணக்குல இருந்து எடுத்துடற வேலையும் நடக்கும். ஐபிஆர்எஸ்னு ஒரு ரிப்போர்ட்டிங் முறை இருக்கு, அகமதாபாத் ஐஐஎம் ஆரம்பிச்சு வச்சது, அதுபடி ஆடிட் பண்ணி போடற காலேஜ்னா எண்ணை ஓரளவு நம்பலாம். மத்திய அரசு காலேஜ்களுக்குப் போடற நிர்ஃப் ரேங்க்ல ஆராய்ச்சிக்கு எல்லாம் மார்க் உண்டு, அதனால அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

எல்லாத்தையும் விட, போன வருஷம் முடிச்ச ரெண்டு பேர்கிட்ட லிங்க்டின்ல பேசுங்க. காலேஜ் ஆளுங்களே கைகாட்டற சீனியர்கிட்ட வேண்டாம், நீங்களா தேடிப் பிடிங்க, நம்ம ஊர்க்காரங்க யாராவது இருந்தா இன்னும் நல்லது, தமிழ்ல உள்ளதை உள்ளபடி சொல்லிடுவாங்க.

இப்ப காசு. பெரிய ஐஐஎம் ஃபீஸ் 25 லட்சம் வாக்குல, புதுசு 15லருந்து 20. லோன் 20 லட்சம், 9 சதவீத வட்டி, 10 வருஷம்னா மாசம் 25,300 ரூபாய் சொச்சம் இஎம்ஐ, 7 வருஷத்துல அடைக்கணும்னா 32,000க்கு மேல. படிக்கற ரெண்டு வருஷ வட்டி அசலோட சேர்ந்தா இன்னும் ஏறும். 28 லட்சம் சிடிசில இது ஒண்ணுமே இல்ல. 12 லட்சம் சிடிசில மும்பைல வாடகை குடுத்துட்டு இதைக் கட்டி, வீட்டுக்கும் அனுப்பிப் பாருங்க. ஏற்கனவே 10 லட்சம் வாங்கிட்டிருக்கற ஆள் மீடியன் 12 லட்சம் இருக்கற காலேஜுக்கு 18 லட்சம் கட்டிப் போறது எனக்குப் புரியாத கணக்கு, பேர்ல ஐஐஎம் இருந்தாலும்.

பெரிய காலேஜ்னா ஸ்டேட் பேங்க் ஸ்காலர் லோன் மாதிரி அடமானம் இல்லாமயே கிடைக்கும், வீட்டுப் பத்திரத்தை வைன்னு யாராவது சொன்னா வேற பேங்க் பாருங்க. 2024 நவம்பர்ல பிஎம் வித்யாலட்சுமின்னு ஒரு திட்டம் வந்திருக்கு, ஆரம்பத்துல தேர்ந்தெடுத்த 860 காலேஜுக்கு அடமானம், ஜாமீன் இல்லாம லோன், குடும்ப வருமானம் 8 லட்சம் வரைக்கும்னா 10 லட்ச ரூபாய் கடன் வரைக்கும் படிக்கற காலத்துல 3 சதவீத வட்டி மானியம். வேலைக்குப் போனப்புறம் பழைய வரி முறைல இருந்தா கல்விக் கடன் வட்டிக்கு 8 வருஷம் வரிவிலக்கு உண்டு, புது முறைல கிடையாது.

ஆஃபர் வந்ததும் பத்து நாள் கூட டைம் குடுக்காம அக்செப்டன்ஸ் ஃபீ கட்டச் சொல்வாங்க, நீங்க ஆசைப்பட்ட இடத்துல வெயிட்லிஸ்ட் அப்பதான் நகர ஆரம்பிச்சிருக்கும். அதனால ஏப்ரல்ல கைல ஒரு லட்சமாவது புரட்டி வச்சிருங்க, விலகினா எவ்ளோ திரும்ப வரும், எந்தத் தேதிக்குள்ள சொல்லணும்னு ஆஃபர் லெட்டர்லயே படிச்சுட்டு கட்டுங்க. வெயிட்லிஸ்ட் ஜூன் வரைக்கும் நகரும், ஸ்பாம் ஃபோல்டரையும் பார்த்துட்டே இருங்க.

ஐடில இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு. நோட்டீஸ் பீரியட் 90 நாள், கோர்ஸ் ஜூன்ல ஆரம்பிக்குது, ஃபைனல் ரிசல்ட் ஏப்ரல், மே. எண்ணிப் பாருங்க, இடிக்கும். காலேஜ்ல ரிலீவிங் லெட்டர் கேட்பாங்க. என் மேனேஜர் கடைசி வாரம் வரைக்கும் "பார்க்கலாம், பார்க்கலாம்"னே இழுத்தார், கடைசில அடிப்படைச் சம்பளத்துல ஒன்றரை மாசத்தைக் கட்டிட்டுத்தான் வெளிய வந்தேன். முதல் கன்வெர்ட் வந்த அன்னிக்கே, அது உங்களுக்குப் பிடிச்ச காலேஜ் இல்லைன்னாலும், ஏதோ ஒரு இடத்துக்குப் போகப்போறது உறுதின்னா ராஜினாமாவைப் போட்டுடுங்க. லீவ் மிச்சம் இருந்தா எடுக்காம வச்சிருங்க, சில கம்பெனில நோட்டீஸ்ல கழிச்சுப்பாங்க. ஹெச்ஆர்கிட்ட வாயால பேசினதை எல்லாம் அன்னிக்கே ஒரு மெயிலா போட்டு வச்சிருங்க.